அக்கா பெயரில் என் ரத்தம்

பெரியவர் என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் உள்ளங்கையால் தடவி நேராக்கினார். சிவகாசி அச்சாபீஸில் முப்பது வருடம் தாள் அடுக்கிய கை.

“எழுதும்மா. நாளைக்குத் திங்கக்கிழமை. சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாக. மொத பஸ்ஸுக்கே போயிருவேன். ஒன் கையெழுத்துதான் நம்ம வீட்டுல பாக்குற மாதிரி இருக்கும்.”

பெரியவர் என்று நாங்கள் சொல்வது என் கணவரின் அண்ணனை. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அடுப்படி ஒன்றுதான். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் பள்ளிக்கூடப் படிவம் வரை வீட்டில் எழுத வேண்டியதெல்லாம் என்னிடம்தான் வரும். ஆனால் கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் பெரியவரின் முகத்தைப் பார்த்து நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அவர் எதிரே வந்தால் உள்ளே போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அக்காவிடம் சொல்வேன்.

அக்கா என்றால் அவர் மனைவி. அன்று அக்கா அதே அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். வலது காலை ஒரு தலையணைமேல் தூக்கி வைத்திருந்தோம். அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்குள் இரண்டு விரல்கள் இல்லை.

பெரியவர் மனுவை மனப்பாடமாகச் சொன்னார். ஆனி மாதம் எங்கள் பட்டாசு கம்பெனியில் நடந்த சர்க்கரைப் பரிசோதனை முகாமில், ஒரு நர்ஸ் தன் மனைவிக்குத் தப்பாகப் பார்த்து, சர்க்கரை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி வைத்தியம் பார்க்காமல் விட்டதால் இரண்டு கால்விரல் போய்விட்டது. அந்த நர்ஸ்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அந்த நர்ஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. அது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி கட்டிலில் படுத்திருந்தாள். இன்னொருத்தி கையில் பேனா இருந்தது.

நானும் அக்காவும் பதினெட்டு வருடமாக ஒரே அறையில் பட்டாசுச் சரம் பின்னுகிறோம். அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உரசினால் தீப்பொறி வரும் என்பதால் உள்ளே எல்லோரும் வெறுங்காலோடுதான் ரப்பர் விரிப்பில் உட்கார்ந்திருப்போம். போன வருடம் சீசனில் வேறு அறையில் ஓர் அம்மாவுக்குச் சர்க்கரையால் தலைசுற்றி, வாசற்படியில் விழுந்துவிட்டார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனியில் பயந்துவிட்டார்கள். இந்த வருடம் சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது, சர்க்கரை இருப்பவர்களுக்கு மருந்து அறை வேலை வேண்டாம், வெளியே லேபிள் ஒட்டும் வேலை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கு யோசித்தால் நல்ல ஏற்பாடுதான். அன்றைக்குக் கம்பெனி வேனில் வரும்போது அது வேறு மாதிரி கேட்டது.

“சுகர் உள்ள ஆளுகளப் பூராம் வெளிய உக்கார வச்சிருவாகளாம்” என்றாள் ஒருத்தி.

“உக்கார வச்சா உக்காரு. கலியாணப் பொண்ணு கணக்கா உக்காந்து லேபிள் ஒட்டு. மாப்பிள்ள போர்மேன் வந்து பாத்துட்டுப் போவாரு” என்றாள் இன்னொருத்தி.

வேனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அக்கா ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவள் வேலைக்கு இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிறாள். எங்கள் கம்பெனியில் கழிப்பறை பொட்டலைத் தாண்டி, கருவேல வேலியை ஒட்டி இருக்கிறது. வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கச் சடைத்துக்கொண்டு பெண்கள் பாதிப்பேர் தண்ணீரே குடிக்க மாட்டோம். அதுவும் தப்புத்தான். ஆனால் அக்கா பாட்டிலையும் காலி பண்ணுவாள், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை அந்தப் பொட்டலைத் தாண்டியும் போவாள். மெலிந்துகொண்டே வந்தாள். ஜாக்கெட்டை நான்தான் இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

முகாமுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு பரிசோதனை அட்டை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்.

“ஏ புள்ள, நாளைக்கு என் அட்டைக்கும் நீயே வெரல நீட்டிரு.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். “ஏங்க்கா, நீக நீட்டுனா என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த ரெண்டு நாளா சீனி போட்ட காப்பியா குடிச்சுத் தொலைச்சிட்டேன். கூடக் காட்டிச்சுன்னு வையி, சீக்காளின்னு பேரு வந்துரும். ஒன்னைய விட்டுட்டு நான் தனியாப் போயி லேபிள் ஒட்டவா? இந்த ஒரு தடவதான். தீவாளி முடியட்டும், நானே போயிப் பாத்துக்கிறேன்.”

“சரிக்கா” என்றேன். அக்கா எதைச் சொன்னாலும் என் வாயில் வருவது அதுதான்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். தகரக் கொட்டகையில் இரண்டு மேசை. நாங்கள் எல்லோரும் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தோம். அந்தக் கோலத்தில் என் கணவர் வந்தால்கூட என்னை அடையாளம் கண்டிருக்க மாட்டார். முதல் மேசையில் என் அட்டையைக் கொடுத்தேன். தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார்கள். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது மேசை வரிசையில் அக்காவின் அட்டையோடு நின்றேன்.

அந்த மேசையில் இருந்தது சின்ன வயது நர்ஸ். “பேரு?” என்று கேட்டார். அக்காவின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் மூத்தவர்கள் பெயரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. அக்காவின் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அது பொய்யாகவும் இருந்தது.

நர்ஸ் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். மோதிர விரலில் ஒரு ரத்தப் பொட்டு இருந்தது.

“ஏங்க்கா, இது இப்பத்தான் குத்துன மாதிரில்ல இருக்கு?”

“பேப்பர் அறுத்துருச்சு” என்றேன்.

“பாத்து வேல செய்யுங்கக்கா.” அந்தப் பொட்டின்மேலும் கொஞ்சம் பஞ்சு வைத்து அழுத்திவிட்டு, வலது கையை எடுத்துக்கொண்டார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் திரி மருந்தின் கரி ஒட்டிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றி நாலு. காலையிலிருந்து நூறு விரலையாவது பிடித்திருப்பார். இருந்தும், நான் பொய் சொன்ன காயத்துக்குப் பஞ்சு வைத்தார்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் அந்த அட்டையை அச்சாபீஸுக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துகொண்டு வந்தார். “தண்ணி பட்டாலும் அழியாது” என்று சொல்லி, ஓட்டை போட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா அதைக் காட்டினாள். முதலில் சிரித்துக்கொண்டு காட்டினாள். பிறகு சிரிக்காமல் காட்டினாள். என்றைக்கு அவள் அது தன் ரத்தம் என்று நம்ப ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. காப்பியில் ஒரு கரண்டி சீனி கூடுதலாகப் போடுவாள். “எனக்குத்தான் தொண்ணூத்தி நாலுல்ல” என்பாள்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அக்கா, அது என்னோடதுல்ல?” என்றேன்.

“அதுனால என்ன? ஒரே பானைச் சோத்தத்தான ரெண்டு பேரும் திங்கோம்? ஒரே கொழம்பு, ஒரே தண்ணி. ஒனக்கு இல்லாதது எனக்கு மட்டும் எங்கன இருந்து வரும்?”

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஒரே சோறு தின்றாலும் உடம்பு வேறு, பிறந்த வழி வேறு, வயது வேறு என்று இப்போது சொல்லத் தெரிகிறது.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு தடவை ஒரு பெண் பை மாட்டிக்கொண்டு வருவாள். நாற்பது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எழுதிக்கொள்வாள். ஆடியில் வந்தாள். அக்கா ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி நீட்டினாள்.

“பெரிய கம்பெனி முகாம்ல பாத்தது. சும்மா சும்மா எதுக்கு வெரலக் குத்திக்கிட்டு?”

“அது போன மாசம் பாத்ததுதானக்கா. சும்மா இன்னொரு தடவ பாத்துருவோமே. கால்ல மதமதப்பு இருக்கா? சர்க்கர கூடுனா கால்ல ஒணர்ச்சி கொறையும், முள்ளு குத்துனாக்கூடத் தெரியாது.”

“போ தாயி, போயி சீக்காளியப் பாரு.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “நீங்களாச்சும் சொல்லுங்கக்கா.”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன். எனக்கும் பார்க்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பார்த்தால் என் எண்ணும் அக்காவின் எண்ணும் ஒன்றுபோல் வருவதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று ஒரு மடத்தனமான பயம். நான் சொல்லியிருக்க வேண்டிய நாள் அது. அன்று சொல்லியிருந்தால் வெறும் மாத்திரையோடு போயிருக்கும்.

புரட்டாசியில், சீசன் உச்சத்தில், ஒரு நாள் அக்கா அவசரத்தில் செருப்பு மாட்டாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது ரப்பர் விரிப்பில் சிவப்பாக ஏதோ பட்டிருந்தது. வர்ணத்தாள் சாயம் என்று நினைத்துத் துடைத்தேன். ஈரமாக இருந்தது.

“அக்கா, கால்ல என்ன?”

“ஒண்ணுமில்லயே.”

காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கருவேல முள், பாதி உள்ளே. நான் பிடுங்கினேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சரம் பின்னிக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கவில்லை. வலிக்கவில்லை என்றாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கு அந்தப் பை மாட்டிய பெண் சொன்னது ஞாபகம் வந்தது.

அப்போதும் சொல்லவில்லை. மஞ்சளை எண்ணெயில் குழப்பிச் சூடு பண்ணிப் பற்றுப் போட்டோம். எட்டு நாள். விரல்கள் கறுத்தன. காய்ச்சல் வந்தது. வேனில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, “யாரு மீனு வாங்கிக்கிட்டு வாரது?” என்று கேட்டாள். அன்று சாயங்காலமே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சர்க்கரை முந்நூற்றி எண்பது இருந்தது. பெரியவர் மஞ்சள் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து டாக்டர் அம்மாவிடம் கொடுத்தார். “ஆனில பாத்தப்ப தொண்ணூத்தி நாலும்மா.” டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“இது மூணு மாசத்துல வந்த சர்க்கரை இல்லய்யா. வருஷக் கணக்கா இருந்திருக்கு. நரம்பு செத்துப் போற அளவுக்கு. அப்பப் பார்த்ததுல ஏதோ தப்பு நடந்திருக்கு.”

பெரியவர் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நான் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். இரண்டு விரலை எடுத்தார்கள். அதோடு நின்றதே பெரிது என்றார்கள். அக்கா மயக்கம் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். சொல்லிவிடாதே என்கிறாளா, சொல் என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மனுத்தாள் என் முன்னால் வந்தது ஐப்பசியில்.

‘பெறுநர்’ என்று எழுதினேன். ‘ஐயா’ என்று எழுதினேன். ‘பொருள்’ என்று எழுதியபிறகு பேனா நகரவில்லை. பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அந்தச் சின்ன நர்ஸின் கைதான் தெரிந்தது. என் பொய்க் காயத்தின்மேல் பஞ்சை வைத்து அழுத்திய கை. இந்த மனு போனால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன் என்று சொல்லும். யார் நம்புவார்கள்?

பெரியவர் சொன்ன எதையும் நான் எழுதவில்லை. நாலு வரி எழுதினேன்.

“முடிச்சிட்டயாம்மா? வாசி. கண்ணாடிய எங்கன வச்சேன்னு தெரியல.”

எழுதியபோது, தாளைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். வாசிக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன்.

“ஆனி மாதம் நடந்த முகாமில் மேற்படி அட்டைக்கு விரலை நீட்டியது நான். நர்ஸ் எடுத்தது என் ரத்தம். அவர் எழுதியது சரி. தப்பு என்னுடையது.”

“என்னம்மா வாசிக்கிற?”

மறுபடியும் வாசித்தேன். பெரியவர் கட்டில் பக்கம் திரும்பினார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“அவள ஏசாதீக. அவ மாட்டேன்னு சொல்லத் தெரியாதவ. தெரிஞ்சுதான் அவளக் கேட்டேன்.”

பெரியவர் எழுந்து ஆணியிலிருந்து அட்டையை எடுத்தார். கிழிக்கப் பார்த்தார். வளைந்ததே தவிரக் கிழியவில்லை. இன்னும் பலமாக முறுக்கினார். விட்டதும் மறுபடி நேராகிக்கொண்டது.

“நான் போட்ட லேமினேசனாச்சே” என்றார். அட்டையைக் கட்டிலில் அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, தோளில் துண்டுகூட இல்லாமல் வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் சூலக்கரைக்குப் போகவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அடுப்படி வாசலில் நின்று, “எம்மா, அவளுக்கு மாத்திர குடுத்தாச்சா?” என்று கேட்டார். “குடுத்தாச்சு அத்தான்” என்றேன். கதவு நிலைக்குப் பின்னால் ஒளியாமல் சொன்ன முதல் பதில்.

இப்போது அந்தப் பை மாட்டிய பெண் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் விரலை நீட்டுகிறோம். எனக்குச் சர்க்கரை இல்லை. பிரஷர் இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். தினமும் ஒரு மாத்திரை. உப்பையும் ஊறுகாயையும் குறைத்துவிட்டேன். தட்டில் பாதிச் சோற்றுக்குப் பதில் காய் வந்துவிட்டது. பெரியவர் அதைப் பார்த்து முதல் இரண்டு நாள் முனகினார், பிறகு விட்டுவிட்டார். வேனில் யாராவது கால் மதமதப்பு, தாகம் என்று சொன்னால், எனக்குப் பேச வராது, இருந்தாலும் இறங்கும்போது கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரையும் நீட்டச் சொல்லாதே, உன் விரலையே நீட்டு என்று. சிலர் சிரிக்கிறார்கள்.

அந்த நர்ஸைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். இதுவரை போகவில்லை. நடந்ததும் சரி, நடக்க இருந்ததும் சரி, அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் அக்கா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுவாள். அடிப்பாதத்தைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நான் கீழே உட்கார்ந்து, ஈரத்துணியால் துடைத்து, விரல் இடுக்குகளை விரித்து, வெடிப்பு இருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எட்டு விரல். பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, என் விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்கிறேன்.

“தெரியுதாக்கா?”

“தெரியுது.”

“இங்கன?”

“ம். தெரியுது.”

நேற்று கேட்டபோது நான் காலைத் தொடவே இல்லை. கையைத் தூக்கித்தான் வைத்திருந்தேன்.

“தெரியுது புள்ள” என்றாள்.